பிடியரிசியும் சமபந்தியும்

சைவ சமயம் அன்பை அடிப்படையாகக் கொண்டது. அந்த அன்பு உள்ளத்தில் மட்டும் தங்கி நிற்பதன்று. கையின் வழியாகத் தொண்டாக வெளிப்பட வேண்டியது. ஆலய வழிபாடும் அடியார் வழிபாடும் உயிர்களுக்குச் செய்யும் தொண்டும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியாதவை என்பர் பெரியோர்.

ஆயினும் தானம், தருமம் என்றதும் வசதி படைத்த ஒருவர் கொடுப்பதும், இல்லாதவர் வரிசையில் நின்று பெறுவதுமான காட்சியே பலரது மனதில் தோன்றுகின்றது. அதுவும் அறமே. ஆனால் அதனினும் மேலான அறம் ஒன்றுண்டு. ஊரிலுள்ள எல்லோரும் கொடுப்பவர்களாகவும், எல்லோரும் ஒரே பந்தியில் அமர்பவர்களாகவும் இருக்கின்ற அறமே அது. கொடை அந்நிலையை அடையும்போது அது இரக்கம் என்ற எல்லையைக் கடந்து நீதியாகின்றது. இதனைச் சமய வரலாற்றிலும் இலங்கையின் அண்மைக்கால வரலாற்றிலும் உள்ள சில நிகழ்வுகளைக் கொண்டு நோக்குவோம்.

ஒரு கைப்பிடி

எல்லோராலும் செய்யக்கூடிய தருமங்கள் எவை என்பதைத் திருமூலர் திருமந்திரத்தில் எளிமையாக எடுத்துரைத்துள்ளார். இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி உணவு, அதுவும் இயலாதவிடத்து ஓர் இன்சொல் என்பனவே அவை. இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, இந்தத் தருமம் செல்வர்க்கு மட்டும் உரியதாகச் சொல்லப்படவில்லை என்பதாகும். கைப்பிடி எல்லோருக்கும் உண்டு. ஆகவே கொடுக்கும் தகுதியும் எல்லோருக்கும் உண்டு.

இந்தக் கைப்பிடியை ஊர் வழக்கமாக்கியதே பிடியரிசி முறை. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் ஒரு பிடியை எடுத்து வேறாக ஒரு முட்டியிலோ பெட்டியிலோ இட்டு வைப்பாள். குறித்த நாளில் இளைஞர்கள் கடகத்துடன் வீடு வீடாகச் சென்று அதனைச் சேர்ப்பார்கள். அந்த அரிசி அன்னதானத்துக்கோ, பாடசாலைக்கோ, நோயுற்ற குடும்பத்துக்கோ போய்ச் சேரும். எடுத்த பிடி சோற்றில் குறைந்தது எவருக்கும் தெரிவதில்லை. சேர்ந்த அரிசியின் அளவோ ஊருக்குத் தெரியும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம் எனக் கொண்டால், நூறு வீடுகளிலிருந்து நாளொன்றுக்கு 5 கிலோ சேரும். முப்பது நாளில் 150 கிலோ. ஓர் ஆண்டில் 1825 கிலோ. ஒரு வீட்டின் கைப்பிடி ஒரு குழந்தைக்கும் போதாது. நூறு வீட்டின் கைப்பிடி பல குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்யும். இதற்கு வேண்டியது பெருஞ்செல்வர் ஒருவர் அல்லர். தவறாமல் போடும் நூறு கைகளும், தவறாமல் சேர்க்கும் நாலு பேரும், தவறாமல் எழுதும் ஒரு கணக்குப் புத்தகமுமே.

திருவீழிமிழலை காட்டும் பாடம்

பெரியபுராணத்தில் வரும் திருவீழிமிழலை நிகழ்வு அடியார்கள் அறிந்ததே. மழை பொய்த்து நாட்டில் பஞ்சம் வந்தபோது திருநாவுக்கரசு நாயனாரும் திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரும் அத்தலத்தில் தங்கியிருந்தனர். பஞ்சம் தீரும்வரை அடியார்களின் வாட்டம் நீங்கும்பொருட்டு நாள்தோறும் ஒவ்வொரு காசு தருவதாக இறைவன் கனவில் அருளினார். பீடங்களில் கிடைத்த காசைக் கொண்டு இருவரது மடங்களிலும் அமுது சமைக்கப்பட்டது. வந்தோர் யாவரும் உண்டனர்.

சில நாள் சென்றபின், நாவுக்கரசரின் மடத்தில் உரிய நேரத்தில் அமுது ஆவதையும், தமது மடத்தில் காலந்தாழ்வதையும் சம்பந்தர் அறிந்து காரணம் கேட்டார். தமக்குக் கிடைத்த காசுக்கு வணிகர் வட்டம் கேட்பதாகவும், நாவுக்கரசரின் காசு வட்டமின்றிச் செல்வதாகவும் பரிசனத்தார் கூறினர். நாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். அதனாலேயே அவரது காசு குற்றமற்ற காசாயிற்று எனச் சம்பந்தர் உணர்ந்தார். பின்னர் இறைவனைப் பாடித் தமது காசின் வட்டமும் நீங்கப் பெற்றார்.

இங்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, உடல் உழைப்பாகிய கொடை பணக்கொடைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மற்றது, பசித்தவனுக்கு உணவு கிடைத்தால் மட்டும் போதாது, உரிய நேரத்தில் கிடைக்கவும் வேண்டும். காலந்தாழ்ந்த உதவியின் காரணத்தைத் தேடி அறிவதும் தொண்டின் ஒரு பகுதியே என்பதைச் சம்பந்தப் பெருமானின் கேள்வி உணர்த்துகின்றது.

நாவலரின் கஞ்சித்தொட்டி

யாழ்ப்பாணத்தில் 1876, 1877 ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சமும் வாந்திபேதியும் மக்களை வருத்தின. அக்காலத்தில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்துவித்தார்கள். மக்களிடமிருந்து பொருள் சேர்த்து, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய காலம் முதலாக, தமக்கெனப் பொருள் தேடாது பொதுப்பணிக்கே வாழ்ந்தவர் கேட்டமையால் மக்கள் நம்பிக் கொடுத்தனர்.

நாவலர் கஞ்சி வார்த்ததுடன் நின்றுவிடவில்லை என்பது இங்கு முக்கியமானது. வட மாகாண அரசாங்க அதிபராக இருந்த துவைனத்தின் நிர்வாகத்தைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1879 ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியை நியமிக்கும் வேளை வந்தபோது, வண்ணார்பண்ணையில் பொதுக்கூட்டம் கூட்டி இளைஞரான பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவு திரட்டினார். அவ்வாண்டின் இறுதியில் நாவலர் சிவபதமடைந்தார். ஒரு கையால் கஞ்சி வார்த்தல், மறு கையால் ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்டல் ஆகிய இரண்டும் ஒரே தொண்டின் இரு பகுதிகள் என்பதை அவரது இறுதிக்கால வாழ்வு காட்டுகின்றது.

அவர் இட்ட வித்து பின்னர் பெருமரமாயிற்று. 1888 இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி 1890 இல் அச்சபையின் பொறுப்பில் வந்தது. 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமந்தோறும் பாடசாலைகளை அமைத்தும் பொறுப்பேற்றும் நடத்தியது. உதவி பெறும் பாடசாலைகளை 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை அப்பணி தொடர்ந்தது. காணி கொடுத்தவர், மரம் கொடுத்தவர், கிடுகு பின்னியவர், மண் சுமந்தவர் எனப் பலரது கொடையால் எழுந்தவை அவை.

பந்தியிலும் வாங்கிலும் இருந்த குறை

இத்தனை கொடை இருந்தும் ஒரு பெருங்குறை நீண்ட காலம் நிலைத்திருந்தது. ஊர்ப் பாடசாலை வாங்கில் சில பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்கள் நிலத்தில் இருத்தப்பட்டனர், அல்லது சேர்த்துக்கொள்ளப்படவே இல்லை. கோயிலுக்குக் காலம் காலமாகத் தொண்டு செய்த குடும்பங்கள் சில, வீதியில் நின்றே கும்பிட வேண்டியிருந்தது. அன்னதானத்திலும் அவர்களுக்குப் பந்தி வேறு. கொடை இருந்தது, சமத்துவம் இருக்கவில்லை. இதனை மறைத்து எழுதுவதால் சைவத்துக்குப் பெருமை சேராது.

குறையைப் போக்க முயன்றவர்களும் இந்த மண்ணிலேயே தோன்றினர். 1924 இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் அதனை வழிநடத்தினர். அவர்கள் தீண்டாமையை எதிர்த்ததோடு தமது மாநாடுகளில் சமபந்தி போசனமும் நடத்தினர். அவர்களது அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த மகாத்மா காந்தியும் தீண்டாமை ஒழிய வேண்டும் என்றே பேசினார். 1930 அளவில் பாடசாலைகளில் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது எதிர்ப்பு மூண்டு, சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதற்குக் கூட இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

பாதிக்கப்பட்ட மக்கள் பிறர் இரங்குவார்கள் என்று காத்திருக்கவில்லை. 1940களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை என்ற பெயரில் தாமே திரண்டனர். கல்வி, தொழில், ஆலயப் பிரவேசம் ஆகியவற்றுக்காகக் குரல் கொடுத்தனர். 1956 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உள்ளிட்ட சில பெருங்கோயில்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், சாதியைக் காட்டி எவரையும் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் எல்லா வாயில்களும் திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் வாயிலின் முன் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் கேட்டது பொன்னையோ பொருளையோ அன்று. உள்ளே சென்று கும்பிடும் உரிமையையே கேட்டனர். இன்று பல ஆலயங்களில் எல்லோரும் ஒன்றாக வடம் பிடிக்கின்றனர் என்றால், அதற்கு அவர்களும் காரணர் என்பதை இளந்தலைமுறை அறிந்திருத்தல் வேண்டும்.

கனத்தொலுவைக் கிராமத்தில் நடந்தது

யாழ்ப்பாணத்தில் ஆலயக் கதவுகள் திறக்கத் தொடங்கிய அதே காலப்பகுதியில், சிங்கள மக்களிடையேயும் இத்தகைய முயற்சி ஒன்று நிகழ்ந்தது. கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958 டிசம்பரில் தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு கனத்தொலுவை என்னும் கிராமத்துக்குச் சென்றார். அங்கு வாழ்ந்தோர் ரொடியர் எனப்பட்ட மக்கள். சிங்களச் சமூகத்தில் மிகத் தாழ்த்தப்பட்டவர்கள். பிச்சை எடுத்தலே அவர்களுக்கு மரபுத் தொழிலாக விதிக்கப்பட்டிருந்தது.

நகரத்து மாணவர்கள் அங்கு பணத்தையும் உடுப்பையும் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. கிராமத்தவருடன் தங்கினர், அவர்களுடன் உண்டனர், அவர்களுடன் சேர்ந்து மண் வெட்டினர். கிணறும் மலசலகூடமும் வீட்டுத்தோட்டமும் இரு பகுதியினரின் உழைப்பாலும் உருவாகின. பிச்சை இடுவதற்கு மட்டுமே உரியவர்களாகக் கருதப்பட்ட மக்கள், மண்வெட்டியைப் பிடித்து நின்றபோது கொடுப்பவர்களாக மாறினர். அவர்கள் கொடுத்தது உழைப்பு. இதுவே சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம். 1972 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்ட இவ்வியக்கம், மொறட்டுவையைத் தலைமையிடமாகக் கொண்டு வடக்கு, கிழக்கு உட்பட நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் பணிபுரிந்து வந்துள்ளது. ஆரியரத்ன அவர்கள் 2024 ஏப்ரலில் காலமானார்.

சிரமதான முகாமின் ஒழுங்கு அடியார்கள் கவனிக்கத்தக்கது. முதலில் ஊரவர் கூடி, தமக்கு எது தேவை என்று தாமே முடிவு செய்வர். வெளியார் தீர்மானித்துக் கொண்டுவருவதில்லை. வேலை செய்வோருக்கான உணவை ஊரவர் சேர்ந்து சமைப்பர். காலையும் மாலையும் எல்லோரும் வட்டமாகக் கூடிப் பேசுவர். அங்கு ஒருவரையொருவர் அம்மா, ஐயா, அக்கா, தம்பி என்று முறைசொல்லி அழைப்பர். பட்டமும் பதவியும் சொல்லப்படுவதில்லை. தானம், இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், சமத்துவம் ஆகிய நான்கும் அவர்கள் கடைப்பிடிக்கும் நெறிகள். திருமூலர் கூறிய கைப்பிடியும் இன்சொல்லும் இங்கும் காணப்படுகின்றன அன்றோ!

அவர்களது பாலர் பாடசாலைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளை வரும்போது ஒரு தீப்பெட்டி கொள்ளும் அளவு அரிசி கொண்டுவரும். மிக ஏழைப் பிள்ளையாலும் அதனைக் கொண்டுவர முடியும். பின்னர் எல்லோரும் சேர்ந்து உண்பர். அந்தப் பிள்ளை உண்பது பிறர் இட்ட சோறு மட்டுமன்று. தான் கொடுத்ததும் அதில் உண்டு. தலை குனியாமல் உண்ணலாம். பிடியரிசியின் உட்பொருளும் இதுவே.

கொடுத்தவரே பெற்ற காலம்

கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு நிலையற்றது என்பதை வட பகுதி மக்கள் தம் வாழ்விலேயே கண்டுள்ளனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறித் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். ஆலய மடங்களும் பாடசாலைகளுமே அவர்களுக்குப் புகலிடமாயின. முன்பு திருவிழா உபயகாரராக இருந்தவர், அன்று ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றார். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, உணவுப் பொருள்களின் விலையேற்றம் 90 சதவீதத்தைக் கடந்தபோது, மாதச் சம்பளம் பெறும் வீடுகளிலும் ஒரு வேளைச் சமையல் குறைந்தது. வெளியில் சொல்லக் கூசிய குடும்பங்கள் எத்தனையோ. எல்லோரும் கொடுத்துப் பழகிய ஊரில், பெறும் நாள் வந்தாலும் எவரும் கூச வேண்டியதில்லை.

ஊர்கூடிச் செய்யும் அறத்தின் இலக்கணம்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, எல்லோரிடமும் கேட்க வேண்டும். இல்லாதவர் என்று ஒரு வீட்டைத் தாண்டிச் செல்வது இரக்கம் போலத் தோன்றினும், அவ்வீட்டாரை ஊரிலிருந்து ஒதுக்குவதாகவே முடியும். ஒரு பிடி அரிசியோ, ஒரு கட்டு விறகோ, அரைநாள் உழைப்போ எதுவாயினும் பெற்றுக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, கொடுத்த தொகைக்கு ஏற்ப இடம் கொடுக்கலாகாது. பெருந்தொகை தந்தவருக்கு நன்றி கூறலாம். ஆனால் பந்தியில் முன்னிடமும் கூட்டத்தில் இரண்டு வாக்கும் அவருக்கு இல்லை.

மூன்றாவது, தேவையை உடையவர்களே அதனைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் இருத்தல் வேண்டும். குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்களைப் பற்றி ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுத்தல் முறையன்று. மாதர் சங்கத்தினர், இளைஞர்கள், கூலித் தொழிலாளர் ஆகியோர் செயற்குழுவிலும் இடம்பெறல் வேண்டும்.

நான்காவது, கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும். ஒரு பிடி அரிசிக்கும் பதிவு, ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகத்துக்கு இருவர் கையொப்பம், மாத இறுதியில் அறிவித்தற்பலகையில் வரவுசெலவு, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்காய்வு ஆகியன தவறக்கூடாதவை. கணக்குக் கேட்பவரைப் பகைவராக எண்ணும் சங்கம் நெடுநாள் நிலைக்காது.

ஐந்தாவது, பெறுபவரின் மானம் காக்கப்படல் வேண்டும். அரிசிப் பையைக் கொடுத்துப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டுவது தருமத்தின் பயனைக் கெடுக்கும். உதவி பெற்ற வீடுகளின் பெயர்ப் பட்டியல் செயற்குழுவுக்கு மட்டும் உரியதாக இருத்தல் நன்று.

கேட்பதும் தொண்டே

பிடியரிசியால் பசியைத் தணிக்கலாம். ஆனால் பேருந்து வராத வீதியையும், மருத்துவர் இல்லாத வைத்தியசாலையையும், உறுதி இல்லாத காணியையும் பிடியரிசியால் மாற்ற முடியாது. அங்கு ஊர் ஒன்றாக நின்று கேட்க வேண்டும். நாவலர் செய்தது போலக் கொடுக்கும் கையுடன் கேட்கும் குரலும் சேர வேண்டும்.

தனி ஒருவர் பிரதேச செயலகத்தில் நின்றால் நாளைக்கு வா என்பர். சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் ஆலய பரிபாலன சபையும் கையொப்பமிட்ட ஒரு மனு சென்றால் அதற்கு இலக்கமிட்டுக் கோவைப்படுத்த வேண்டிய கடமை உண்டு. மனுவின் பிரதியையும் ஒப்படைத்த திகதியையும் பாதுகாத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச அலுவலகம் ஒன்றிலுள்ள தகவலை எந்தப் பிரசையும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். மறுக்கப்பட்டால் மேன்முறையீடும் உண்டு. ஒரு வீதிக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, வீட்டுத்திட்டப் பட்டியல் எந்த அடிப்படையில் தயாரிக்கப்பட்டது என்பவற்றை இவ்வழியில் அமைதியாகவும் சட்டப்படியும் அறியலாம். எழுதத் தெரியாத ஒருவருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதும் அன்னதானத்துக்கு ஒப்பான தொண்டே.

நிறைவாக

ஆலயம் ஊரின் நடுவில் இருப்பது எல்லோரும் வந்து கூடுவதற்காகவே. மடைப்பள்ளியில் பெரிய கிடாரங்கள் உண்டு. மண்டபத்தில் இடம் உண்டு. கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. கூப்பிட்டால் வரும் இளைஞர்கள் உண்டு. ஆண்டில் பத்து நாள் திருவிழாவுக்குப் பயன்படும் இவ்வளவு வளமும் ஏனைய நாட்களில் ஊரின் நன்மைக்குப் பயன்படுமாயின் அதுவே சிறந்த மகேசுவர பூசையாகும். வீட்டுக்கு ஒரு பிடியரிசியும், ஊருக்கு ஒரே பந்தியும், எல்லோருக்கும் தெரியும் கணக்கும் கொண்டு இத்தொண்டு தழைத்தோங்க எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.

அறநெறிப் பாடசாலை மாணவர் சிந்தனைக்கு

1. நாவுக்கரசர் பெற்ற காசு வட்டமின்றிச் சென்றதன் காரணம் யாது? அதிலிருந்து உழைப்பைப் பற்றி அறிவது என்ன?

2. கஞ்சி வார்த்த நாவலர் ஆட்சியாளரையும் ஏன் கண்டித்தார்?

3. தீப்பெட்டி அளவு அரிசி கொண்டுவரும் பிள்ளைக்கும், வெறுங்கையுடன் வந்து உணவு பெறும் பிள்ளைக்கும் மனநிலையில் என்ன வேறுபாடு இருக்கும்?

4. உமது வீட்டுக்கு அண்மையில் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒரு தேவையைக் குறிப்பிடுக. அதற்கு ஊரவர் கொடுக்கக்கூடியது எது? அரசிடம் கேட்க வேண்டியது எது?